கண்ணாடிப் பெட்டி மூடுகிற சத்தம்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உதட்டோரச் சிரிப்பு இல்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு குனிகிற சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது. சாத்தூர் வண்டி கண்டக்டர் சொல்கிற மாதிரி, "ஒன் ஸ்டாப்பு வந்தா நானே சொல்லுவேன், அதுவரைக்கும் படியில தொங்காம உள்ள போ." இப்போதைக்கு இருப்பதெல்லாம் ஒரு பெஞ்சு. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, ஒரு கால் குட்டையான பெஞ்சு. அதன் மேல் பதினோராம் வகுப்பு பவுன்ராஜ். எதிரே பூட்டிய கதவு, பூட்டின் மேல் ஓர் எறும்பு, எறும்புக்கு எங்கேயோ அவசரம். பவுன்ராஜுக்கு மட்டும் போக இடமில்லை, நான் கூப்பிடுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று போனில் வந்த குரல் சொல்லிவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, தெரியாத நம்பர். தெரியாத நம்பருக்கென்றே அவன் ஒரு கம்பெனிப் பெண் குரல் வைத்திருக்கிறான், வாயில் நுரையோடு அதிலேயே, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது பல் துலக்கிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து" என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் ஒரு செருமல். கனத்த செருமல், அடித்தொண்டையில் கல் உருளுகிற மாதிரி. "பவுன்ராஜ். தலைமையாசிரியர் பேசுகிறேன்." டக். நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. "என் குரலை வைத்துக்கொண்டு நீ செய்கிற காரியம் எல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது, தம்பீ." டக். "பத்து மணிக்கு என் அறை வாசலில் வந்து உட்கார். நான் கூப்பிடுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. மிச்சம் இருக்கிற மூன்று பாடத்தையும் கையோடு கொண்டு வா." டக். அவ்வளவுதான், போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்த டக் இருக்கிறதே, அதுதான் ஆளை உலுக்குவது. மூக்குக் கண்ணாடிப் பெட்டியை மூடுகிற சத்தம். தலைமையாசிரியர் அருணகிரி சார் ஒரு விஷயத்தை முடித்துவிட்டால் பெட்டியை மூடுவார், மூடிய பிறகு அந்த விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். எல்லாப் பையனுக்கும் அது பவுன்ராஜ் செய்து காட்டித்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

பெஞ்சு இடது பக்கம் சாய்ந்தால் கிறீச், வலது பக்கம் சாய்ந்தால் அதைவிடக் கொஞ்சம் சன்னமாகக் கிறீச். இரண்டையும் அவனுக்குச் செய்ய வரும், இப்போது செய்ய மனசில்லை. வராந்தா முழுக்கப் பினாயில் வாடை. கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் வெள்ளச்சாமியே கேட்டார், "என்னடே, சனிக்கிழமையும் ஒன் கச்சேரியா?" "இல்லண்ணே, சார் வரச் சொன்னாக." "எந்த சாரு?" "எச்செம் சாரு." "அவுகளா? அவுக சனிக்கிழமை தோட்டத்துக்குல்லா போவாக," என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் இதைப் பற்றி யோசிக்கத் தனக்குச் சம்பளம் இல்லை என்பது போல விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்துக்குப் போகிற மனுஷன், அதுவும் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனுஷன், அதை விட்டுவிட்டு வருகிறார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது. பெரியதுதான். சட்டைப் பைக்குள் விரல் நகம் அளவு இருக்கிறது அந்தப் பெரிய விஷயம், ஒரு மெமரி கார்டு, கடலை மிட்டாய்த் தாளில் மடித்து. அவன் அதைத் தொட்டுப் பார்க்கிறான். இருக்கிறது. கையை எடுக்கிறான். மறுபடி தொட்டுப் பார்க்கிறான். இருக்கிறது. மேலே மாடியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடக்கிறது, எல்லோரும் சேர்ந்து எதையோ ஒப்பிக்கிறார்கள், ஒப்பிக்கிற ராகம் மட்டும் இறங்கி வருகிறது, வார்த்தை வரவில்லை. அவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது, புத்தகத்தைப் பார்க்கக் கண் இருக்கிறது, பார்க்காமல் ஜன்னல் வழியாகக் காக்கையைப் பார்க்க உரிமையும் இருக்கிறது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் படிக்கிற, கண் தெரியாத ரெமிக்கு இந்த நகம்தான். வருகிற வாரம் ரெமிக்கும் அறிவியல் பரீட்சை. நகம் இப்போது பெட்டிக்குள் போய் டக் என்று மூடிக்கொள்ளப் போகிறது. தமயந்தி டீச்சர்தான் சொல்லியிருக்கணும், இல்லாவிட்டால் மிச்சம் மூணு பாடம் என்று அவருக்கு எப்படித் தெரியும், டீச்சருக்கே மூணா நாலா என்று தெரியாதே, தெரியுமோ, யாருக்குத்தான் தெரியும், எறும்பு இப்போது சாவித் துளைக்குள் நுழைந்துவிட்டது.

ஆரம்பித்ததே தமயந்தி டீச்சர்தான். விலங்கியல் டீச்சர், நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. எல்லா வாக்கியத்தையும் மூக்கு வழியாக ஒருமுறை வெளியே அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொடுப்பார். "பிள்ளைகளா, போன வருஷம் கண்மாயில கருவேல மரம் வெட்டினோம், இந்த வருஷம் கொரல் குடுக்கப் போறோம்." பைபாஸுக்கு அந்தப் பக்கம் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது. பிரெயில் புத்தகம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தலையணை கனம், நாலு பிள்ளைக்கு ஒரு தலையணை. பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால் ஆளுக்கு ஒன்று காதிலே வைத்துக்கொள்ளலாம். கை தூக்கினவர்கள் நிறையப் பேர், பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவனுக்கு டியூஷன், ஒருவனுக்குத் தொண்டை, ஒருவன் நேர்மையாக, "எங் கொரலை நானே கேக்க முடியலடே, கண்ணுந்தெரியாதவன் எதுக்குடே கேக்கணும்" என்று சொல்லிவிட்டே போனான். பவுன்ராஜ் கை தூக்கியது மைக் கிடைக்கும் என்று. மைக் கிடைக்கவில்லை. கிடைத்தது அவனுடைய போனும் அவன் அம்மாவின் கம்பளிப் போர்வையும். மின்விசிறியை நிறுத்தி, போர்வையைத் தலையோடு மூடி, உள்ளே உட்கார்ந்து, வியர்வை மூக்கு நுனியில் தொங்க, "பாடம் ஒன்று, இயக்க விதிகள்." அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. ஈரத்துணி மாதிரி ஒரு குரல். அதை அவன் சொந்தக் குரல் என்று சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை, வேறு குரல் எதுவும் மாட்டாதபோது தொண்டையில் கிடக்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். கார்டைக் கொடுக்கிற சாக்கில் டீச்சர் ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேப்ப மரத்தடியில் ரெமி உட்கார்ந்திருந்தான். முழுப்பெயர் ரெமிஜியுஸ், வேம்பாற்றுக்காரன், அப்பா கடலுக்குப் போகிறவர், விடுதியில் தங்கிப் படிக்கிறான், ஒல்லி, பெரிய காது. "அண்ணே, ஒங்க பாடம் ரொம்ப உபகாரம்," என்றான். பவுன்ராஜுக்குக் குளிர்ந்துவிட்டது. "ராத்திரி ஒறக்கம் வரலேன்னா அதைத்தான் போடுதோம். ரெண்டாவது பக்கம் தாண்டுன ஆளு எங்க ரூம்புல கெடையாது."

அன்று ராத்திரி போர்வைக்குள் போனபோது அவன் தனியாகப் போகவில்லை. ஊரையே கூட்டிக்கொண்டு போனான். வேதிச் சமன்பாட்டைச் சாத்தூர் கண்டக்டர் வாசித்தார், "ரெண்டு ஹைட்ரஜன் ஏறு ஏறு, ஒரு ஆக்சிஜன் முன்னால போ, எடமிருக்கு எடமிருக்கு." தாவரங்களுக்குள் நீர் மேலேறுகிற கதையைப் பக்கத்து வீட்டு ஜக்கம்மா அத்தை குழாயடியில் நின்று சொன்னாள், "வேர் ஒண்ணும் லேசுப்பட்டவ இல்ல கேட்டியா." இரத்த ஓட்டத்தைக் கட்சிக் கூட்ட மைக்காரர், "அன்பார்ந்த வலது வெண்ட்ரிக்கிளே" என்று கூப்பிட்டு நடத்தினார். ஒளியியல் என்று இரண்டாவது பாடம், அதற்கு யார் குரலும் ஒத்துவரவில்லை, கனமான பாடம், கனமான ஆள் வேண்டும். அருணகிரி சார் வந்தார். ஆறாம் வகுப்பில் ஒருமுறை அவர் அறைக்குள் போய்த் திட்டு வாங்கியிருக்கிறான், அந்தக் குரலை அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு அருணகிரி சார் பேசி அவன் கேட்டது கொஞ்சம், அவன் பேசி அருணகிரி சாரைக் கேட்டதுதான் அதிகம். செருமல், தம்பீ, பத்தி முடிந்தால் டக். அந்த ராத்திரிதான் அம்மா விழித்துக்கொண்டாள். மிட்டாய்க் கம்பெனியில் நாள் முழுக்கப் பாகு கிண்டிவிட்டு வந்து படுத்தவள், மகன் அறைக்குள் தலைமையாசிரியர் பேசுவதைக் கேட்டு, தலையைக் கோதி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற டம்ளரில் காப்பியோடு வந்து நின்றாள். போர்வைக்குள்ளிருந்து, "ஒளி நேர்க்கோட்டில் செல்லும், தம்பீ." அம்மா நடுங்கிப்போய், "சார், அந்தப் பய என்ன தப்புப் பண்ணுனாலும் நீங்க இப்படிப் போத்திக்கிட்டு..." தலைமையாசிரியருடைய காப்பியைப் பவுன்ராஜ்தான் குடித்தான். முதுகில் விழுந்ததையும் அவன்தான் வாங்கினான். சிரிப்பா? இல்லை இல்லை, அது இதில்லை. அது இன்னும் வரவில்லை, உள்ள போ உள்ள போ.

ஒளியியலில்தான் மாட்டிக்கொண்டான். புத்தகம் திடீரென்று, படத்தைப் பார்க்க, என்று சொன்னது. யாரிடம் சொல்கிறது இதை? போர்வைக்குள் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அவன் மூச்சு மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு லென்ஸ். இதை எப்படிச் சொல்வது, கண்ணாடி மாதிரி என்றால் கண்ணாடி எது மாதிரி, வட்டம் என்றால் முழு வட்டம் இல்லை, அம்மா அடுக்களையில் இட்லித் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். செருமல். "தம்பீ, உன் கையில் ஒரு இட்லி இருக்கிறதாக நினைத்துக்கொள். நடுவில் பருமன், ஓரத்தில் ஒல்லி, ரெண்டு பக்கமும் புடைப்பு. அதுதான் குவிலென்ஸ். இப்போது ஒரு அதிரசத்தை எடு, ரெண்டு பக்கமும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கு, ஓரம் தடித்து நடு மெலிந்துவிட்டதா, அது குழிலென்ஸ். ரெண்டையும் இப்போதே தின்றுவிடாதே, பரீட்சை முடியட்டும்." டக். அடுத்த தடவை போனபோது ரெமி, "சொல்லுதேன் கேளுங்க," என்று ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிச் சொன்னான், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல். பவுன்ராஜுக்கு உடம்பு புல்லரித்தது, தன் காதுக்குள் இருந்ததை யாரோ எடுத்து எதிரே வைத்த மாதிரி. திருப்புதல் தேர்வில் ரெமி பதில் சொல்ல, எழுதுவதற்கு ஒரு டீச்சர் உட்கார்ந்தாராம், பேனா நின்றுவிட்டதாம். "இட்லின்னா எழுதட்டும்?" "இட்லி எனக்கு டீச்சர், இருபுறமும் குவிந்ததுங்கறது ஒங்களுக்கு." அந்த ரூம்பில் இப்போது யாரும் தூங்குவதில்லை என்று வார்டன் புகார் சொன்னார், விளக்கணைத்த பிறகும் கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார், ஜக்கம்மா அத்தை வம்பளக்கிறாள், சிரிப்பு தாங்க முடியவில்லை, ஆனால் பிள்ளைகள் மார்க் வாங்குகிறார்கள், அதனால் பொறுத்துக்கொள்கிறேன் என்று. பவுன்ராஜ் அன்றைக்கு சைக்கிளில் திரும்பும்போது வழியில் வந்த எல்லா லாரிக்கும் ஹாரன் அடித்துக் காட்டினான், வாயால்.

ஆனால் ஒரு விஷயம் முள்ளாக நிற்கிறது, அது எப்போதும் இந்த மாதிரிச் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் வரும். கிளம்பும்போது ரெமி கேட்டான், "அண்ணே, இதுல ஒங்க கொரல் எது?" கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பவுன்ராஜ் வாயைத் திறந்தான். வந்தது கண்டக்டர், "சில்லறை இல்ல, எறங்கும்போது வாங்கிக்க." ரெமி சிரித்தான். சிரித்துவிட்டு, பெரிய காதை இந்தப் பக்கம் திருப்பி, மிச்சத்துக்குக் காத்திருந்தான். மிச்சம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்க நிறுத்தினார்கள், முதல் செய்தியிலேயே குரல் உடைந்தது, பாதி ஆண் பாதி கோழி, தலைப்புச் செய்தி என்று தொடங்கிக் கொக்கொக்கில் முடிந்தது, அறுநூறு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சத்தம்தான், ஆனால் அது இந்தப் பக்கத்திலிருந்து புறப்படணும், அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழக்கூடாது. அடுத்த நாளே செய்தி வாசித்தவனை உடற்பயிற்சி சார் குரலில் விசில் அடித்து நிறுத்தினான், அறுநூறு பேர் மறுபடி சிரித்தார்கள், இந்தத் தடவை அவன் கேட்ட இடத்தில். அவ்வளவுதான், அன்றிலிருந்து கடையை மாற்றிவிட்டான், சொந்தச் சரக்கு இல்லை, எல்லாம் வாடகைக் குரல். இப்போது இந்தக் கதவு திறந்தால் அவர் முதலில் என்ன கேட்பார், உன் குரலில் பேசு என்பார். பேசு தம்பீ. உன் குரலில். என் குரலில் இல்லை. அப்போது எதைக் கொடுப்பது? பையில் துழாவினால் எல்லாரும் இருக்கிறார்கள், அவன் இல்லை. அவர் காத்திருப்பார், கடிகாரம் ஓடும், பிறகு பெட்டி மூடும். டக். நீ நாட்டு நலப்பணியில் வேண்டாம், பேட்ஜைக் கழற்று. டக். அந்தப் பதிவுகள் அத்தனையும் அழிக்கப்படணும், ஒரு தலைமையாசிரியர் இட்லி என்று சொல்லியிருக்கிறார், ஆறாவது பாடத்தில் தும்மியிருக்கிறார், ஏழாவது பாடத்தில் வாய்பாட்டைத் தாலாட்டாகப் பாடியிருக்கிறார். டக். அந்த ரூம்பில் மறுபடியும் எல்லாரும் தூங்குவார்கள்.

அழித்துவிட்டால்? இந்த மூன்று பாடத்திலும் அருணகிரி சார்தான். மரபியல், நோய்கள், சுற்றுச்சூழல், முழுக்க முழுக்க அவர். இதுதான் கையில் இருக்கிற சாட்சி. பழையதை எல்லாம், எனக்குத் தெரியாது சார், யாரோ பண்ணிட்டாங்க சார், என்று தள்ளிவிடலாம், கார்டு காலியாக இருந்தால் என்ன செய்வார். அவன் தாளைப் பிரித்து, நகத்தைப் போனில் செருகி, திறந்தான். மூன்று பெயர்கள் வரிசையாக. விரலை அழுத்திப் பிடித்தால் போன் கேட்கிறது, அழிக்கவா? ஆம். இல்லை. போன் எந்தக் குரலில் கேட்கிறது என்று தெரியவில்லை, குரலே இல்லாமல் கேட்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. மாடியில் ஒப்பித்தல் நின்றுவிட்டது, காக்கை கூட நின்றுவிட்டது. திரும்பவும் வாசிக்கலாம் என்றால் எப்போது, அவனுக்கே வருடப் பரீட்சை, போதாததற்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டி, இந்த மூன்றும் இவ்வளவு தாமதமானதே அதனால்தான். ரெமி விடுதிப் போனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், "அண்ணே, மிச்சம் எப்போ?" ஒருமுறை கம்பெனிப் பெண் குரலில், "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார், சிறிது நேரம் கழித்து" என்றதும் பாவம், "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தான். சரிங்க மேடம். அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பில் எவ்வளவு சிரித்தார்கள். மறுநாள் தெரிந்துகொண்டு ரெமி கோபப்படவில்லை, "இருங்கண்ணே, இருங்க," என்று மட்டும் சொன்னான். அவன் இருக்கிறான் அங்கே. வேப்ப மரத்தடியில் பெரிய காதோடு இருக்கிறான். மரபணுவைப் பற்றிப் பரீட்சையில் கேட்டால் அவன் காதுக்குள் என்ன இருக்கும், ஈரத்துணிகூட இருக்காதே. பவுன்ராஜ் விரலை எடுத்தான். இல்லை. நகத்தை உருவி, தாளில் மடித்து, பையில் போட்டு, பைக்குப் பொத்தான் போட்டான். என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பேட்ஜைக் கழற்றட்டும், அம்மாவைக் கூட்டி வரச் சொல்லட்டும், இந்தத் தடவை நிஜக் காப்பியே கொடுக்கச் சொல்கிறேன். இது மட்டும் போய்ச் சேரணும். அதைச் சொல்லணும், எந்தக் குரலில்? தமயந்தி டீச்சர் குரலில் சொல்லிப் பார்த்தான், கெஞ்சல் மூக்கோடு போய்விட்டது. மைக்காரர் குரலில் சொன்னால் ஓட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. அம்மா குரலில் சொன்னால் அழுகை வந்தது, அது அவளுக்கு வந்ததா அவனுக்கு வந்ததா தெரியவில்லை. கடைசியில் வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பூட்டைப் பார்த்து, மெதுவாக, "சார். என்னைய என்ன வேணாச் செய்யுங்க. இது மட்டும் அந்தப் பையன்ட்டப் போயிரணும்," என்றான். நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. கோழி எட்டிப் பார்த்தது. பூட்டு சிரிக்கவில்லை. எறும்பு சாவித் துளையிலிருந்து வெளியே வந்து தன் வழியே போயிற்று.

டப டப டப என்று வாசல் கேட் பக்கம் டிவிஎஸ் வண்டிச் சத்தம். அந்த வண்டியையும் அவனுக்குச் செய்ய வரும், கியரே இல்லாத ஒரு முக்கல், ஆனால் இப்போது அவன் பைப் பொத்தானைக் கழற்றி, தாளோடு நகத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். வண்டி நின்றது. செருப்பில்லாத காலடிச் சத்தம். வராந்தா திரும்பி வந்தவர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், முழங்கால் வரை சேறு, கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். பவுன்ராஜ் எழுந்தான், எழுந்திருக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தான், பெரியவர் நிற்க உட்காரக் கூடாது என்று மறுபடி எழுந்தான், பெஞ்சு இரண்டு பக்கமும் கிறீச்சிட்டது. "யாரு, ரேடியோப் பயலா? என்ன ராசா, லீவு நாள்ல?" என்றார் அருணகிரி சார். மெல்லிய குரல். கொஞ்சம் கீச்சென்றுகூட இருந்தது, வெயிலில் காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி. செருமல் இல்லை, கல் இல்லை. இது புதுத் தந்திரம், பதுங்குகிறார், என்று நினைத்துக்கொண்டு பவுன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினான், "சார், ஒங்க கொரல்ல நாந்தான் வாசிச்சேன் சார், இட்லி நாந்தான் சார், தும்முனதும் நாந்தான், என்னைய என்ன வேணாச் செய்யுங்க, இந்த மூணு பாடம் மட்டும் அந்தக் கண்ணு தெரியாத பையன்ட்டப் போயிரணும், வர்ற வாரம் பரீட்சை சார்." உடைந்தது, கோழி வந்தது, அவன் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பையன்? எந்தப் பாடம்? மேல பிள்ளைகளுக்குக் கொழாய்ல தண்ணி வரலேன்னு போன் வந்துது, மோட்டாரைப் பாப்போம்னு வந்தேன். ஒன்னைய யாரு வரச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருந்தது, போட்டுக்கொண்டு மிட்டாய்த் தாளில் இருந்த நகத்தை உற்றுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், பையில் போட்டுக்கொண்டார்.

பவுன்ராஜ் காத்திருந்தான். இப்போது வரும். வரவில்லை. துணிப் பை, கண்ணாடி உள்ளே விழுந்ததற்கு ஒரு சத்தமும் இல்லை. "சார்," என்றான், "கண்ணாடிப் பெட்டி?" "பெட்டியா? எனக்கு ஏது ராசா பெட்டி. நான் என்னைக்குப் பெட்டி வச்சிருந்தேன்?" பெட்டி இல்லை. என்றைக்கும் இல்லை. ஆறாம் வகுப்பில் அந்த மேஜை மேல் என்ன இருந்தது, ஒரு தண்ணீர்ச் செம்பு, ஒரு பூகோள உருண்டை, பெட்டி இல்லை. பிறகு டக் எங்கிருந்து வந்தது? போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஒளியியல் வாசித்த ராத்திரி, அன்றைக்குப் பகலில் வேப்ப மரத்தடியில் ரெமி சொன்னானே, "எங்க ஒரு பத்தி முடிஞ்சு அடுத்தது தொடங்குதுன்னே பிடிபடல அண்ணே," புத்தகத்தில் பத்திக்கு நடுவே வெள்ளையாக ஒரு இடைவெளி இருக்கும், அது காதுக்குக் கேட்காது, அதனால் பவுன்ராஜ் தன்னுடைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பத்தி முடிகிற இடத்தில் எல்லாம் மூடியை அழுத்தினான். டக். அது சார் கண்ணாடிப் பெட்டியை மூடுவது போல இருக்கிறதே என்று அவனுக்கே பிடித்துப்போய், அப்புறம் வகுப்பில் நாக்கால் செய்து, செய்து செய்து, பெட்டியே இல்லாத மனுஷனுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டான். காலையில் போனில் பேசிய தலைமையாசிரியரிடம் அந்தப் பெட்டி இருந்தது. கனத்த செருமல் இருந்தது. வாக்கியம் முடிகிற இடம் பார்த்து டக். மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. மிச்சம் மூன்று பாடம் என்று சரியாகத் தெரிந்திருந்தது, உலகத்தில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இன்னொருவன் வேப்ப மரத்தடியில், பெரிய காதோடு, யார் போனையோ இரவல் வாங்கிக்கொண்டு, இருங்கண்ணே, இருங்க. சரிங்க மேடம்.

முதலில் விலாவில்தான் ஆரம்பித்தது. பிறகு பெஞ்சு கிறீச்சிட்டது, அவன் குனிந்துவிட்டான், கார்டு இருந்த கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடிக்கிற மாதிரி உயரத் தூக்கிக்கொண்டு குனிந்துவிட்டான். அது கண்டக்டர் சிரிப்பு இல்லை, ஜக்கம்மா அத்தை சிரிப்பும் இல்லை, பாதியில் உடைந்து, கோழியாகி, மறுபடி சேர்ந்து, வராந்தா முழுக்க ஓடியது. மாடியில் பத்தாம் வகுப்புத் தலைகள் கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தன. அருணகிரி சார் கத்தரிக்காய்ப் பையைக் கையில் எடுத்துக்கொண்டே நின்று காது கொடுத்துக் கேட்டார், ஊரில் இருக்கிற எல்லார் சிரிப்பையும் இந்தப் பயல் செய்து கேட்டிருக்கிறார், இதைக் கேட்டதில்லை.

"இது யாரு மாதிரி ராசா?" என்றார்.

"யாரு மாதிரியும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு, கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பார்த்து ஓடினான் பவுன்ராஜ்.